என் பாதியை அரசாங்கத்துக்கு விட்டுத்தர மாட்டேன்

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி, வயிறார உண்டு, நன்றாக உறங்கி எழுந்து, எவருடைய தூண்டுதலும் இல்லாமல் எழுதிக்கொள்ளும் கடிதம். நான் சுகம். நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் படித்து முடிக்கும்வரையாவது அப்படியே இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து படி. அத்தானுக்கு உரக்கப் படித்துக் காட்டாதே, அவர் நடுவில் நடுவில் கருத்துச் சொல்வார்.

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்றதும் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை மொத்தமாகக் கேட்டு வாங்கி வங்கியில் போட்டுவிட்டு, மூட்டை முடிச்சோடு உங்கள் வீட்டுக்கு வந்துவிடும்படி எழுதியிருக்கிறாய். தையல் மெஷினைக் கொஞ்சம் நகர்த்தினால் பின்னறையில் எனக்கு ஒரு கட்டில் தாராளமாகப் போடலாம் என்றும் சொல்லியிருக்கிறாய். உன் அன்புக்கு நன்றி. அந்த அறையை எனக்குத் தெரியும். அங்கே கட்டிலைப் போட்டால் கதவைத் திறக்க முடியாது, கதவைத் திறந்து வைத்தால் கட்டிலில் காலை நீட்ட முடியாது. அத்தான் தினமும் காலையில் இஸ்திரிப் பெட்டியைத் தேடிக்கொண்டு அந்த அறைக்குத்தான் வருவார். அவருக்கு நான் இடைஞ்சலாகவும் எனக்கு அவர் இடைஞ்சலாகவும் எதற்கு? ஆகையால் நான் வரவில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். காரணம் ஓய்வூதிய விதி. வேறு ஒரு காரணமும் கிடையாது என்பதை ஆரம்பத்திலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன்.

இப்போது நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படிப்பாய் என்று தெரியும். துடைத்துக்கொள், நான் காத்திருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன், கேள். இந்த வருஷம் ஓய்வு பெறப் போகிறவர்களையெல்லாம் கூட்டி, எங்கள் அலுவலகத்தின் மேல்மாடியில் ஓய்வுக்காலத் திட்டமிடல் என்று ஒரு வகுப்பு வைத்தார்கள். ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு மூக்குக் கண்ணாடியும் ஆளுக்கொரு சந்தேகமுமாக உட்கார்ந்திருந்தோம். ஓய்வூதியப் பிரிவிலிருந்து ஓர் இளம் பெண் அதிகாரி வந்து, திரையில் படம் போட்டுப் பொறுமையாக விளக்கினாள். ஓய்வூதியம் என்பது கடைசியாக வாங்கிய சம்பளத்தையும், வேலை பார்த்த வருஷங்களையும் வைத்துப் போடுகிற கணக்காம். நான் ஆரம்பத்தில் தற்காலிகமாக எடைக்கல் தூக்கித் திரிந்த வருஷங்களில் பாதிதான் அந்தக் கணக்கில் சேருமாம். பல்லைக் கடித்துக்கொண்டேன். உன் யோசனைப்படி ஒரு பகுதியை மொத்தமாக வாங்கிக்கொண்டால் மாதாமாதம் வருவது அந்த அளவுக்குக் குறைந்துபோய், பல வருஷம் கழித்துத்தான் பழைய நிலைக்கு வருமாம். அதையும் பொறுத்துக்கொண்டேன். கடைசியில், ஓய்வூதியம் வாங்குகிறவர் காலமான பிறகு அதில் பாதி அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ ஆயுள் முழுக்கப் போகும் என்றாள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் ஜீப் டிரைவர் நிம்மதியாகத் தலையை ஆட்டினார். நான் எழுந்து நின்றேன்.

"எனக்கு மனைவி இல்ல. என்னோட பாதி எங்க போகும்?"

"எங்கயும் போகாது சார். உங்களோட நின்னுடும்."

"நின்னுடும்னா, அரசாங்கமே வச்சுக்கும்."

"அப்படியும் சொல்லலாம் சார்."

"இவர் சம்பளத்துல பிடிச்ச அதே வீதம்தானே என் சம்பளத்துலயும் பிடிச்சீங்க?"

"ஆமா சார். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"வாங்கினது ஒரே எடைக்கு, கொடுக்கிறது மட்டும் ஆளுக்கொரு எடைக்கா? ஒரு கடைக்காரன் இப்படிப் பண்ணினா அவன் தராசைப் பறிமுதல் பண்ணிடுவேன்மா நான்."

அவள் தண்ணீர் குடித்தாள். டிரைவர் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். ஆனால் அக்கா, நீயே நியாயத்தைச் சொல். முப்பது வருஷத்துக்கு மேலாக எடை அளவு ஆய்வாளனாக இருக்கிறேன். ஒரு சிட்டிகை குறைந்தாலும் விட்டதில்லை. எத்தனையோ கடைக்காரர்கள் கெஞ்சியும் மிரட்டியும் பார்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட எனக்கே, ஊரெல்லாம் எடை பார்க்கச் சொல்லி என்னை அனுப்பிய அரசாங்கமே பாதி எடையில் போட்டுக் கொடுத்தால், நான் வாயை மூடிக்கொண்டு பையை நீட்ட வேண்டுமா? மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மறுநாள் ஓய்வூதியப் பிரிவுக்கே போனேன். மனைவி இல்லாவிட்டால் என்ன, அக்கா இருக்கிறாளே, அந்தப் பாதிக்கு உன் பெயரைக் கொடுத்துவிடலாம் என்று கிளம்பினேன். அதே பெண்தான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் மேசையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைக் கிட்டத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டாள். பணிக்கொடைக்கு வேண்டுமானால் உன் பெயரைப் போடலாமாம், மாத ஓய்வூதியத்துக்குக் கூடாதாம்.

"குடும்பம்னா மனைவி, பிள்ளைங்க, உங்களை நம்பி இருக்கிற அப்பா அம்மா. அக்கா அதுல வரமாட்டாங்க சார்."

"வரமாட்டாளா? நான் முதல் நாள் வேலைக்குப் போன சட்டைக்குப் பொத்தான் தைச்சுக் கொடுத்தது யாருன்னு உங்க விதிக்குத் தெரியுமா?"

"ரொம்ப நல்லவங்களா இருப்பாங்க சார். விதியில இல்ல, அவ்வளவுதான்."

அந்த வார்த்தை எனக்குப் பொறுக்கவில்லை. அதைவிடப் பொறுக்க முடியாமல் போனது அவள் அடுத்துக் கேட்டதுதான். "உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா எங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டியவங்க யாரு சார்? கூட இருக்கிறவங்க யாராவது?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். வீட்டுச் சொந்தக்காரர் பெயரைச் சொன்னேன். அவர் வாடகைக்காக என்னைத் தேடுவாரே தவிர வேறு எதற்கும் தேடமாட்டார் என்பது உனக்குத் தெரியும். படியில் இறங்கும்போது எனக்குப் பயமாக இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். பயம் வந்தால் கூடவே எனக்குக் கோபமும் வந்துவிடும், அதுவும் உனக்குத் தெரியும். கீழ்ப்படிக்கு வந்ததும் திரும்ப மேலே ஏறிப் போய், "இப்ப நான் கல்யாணம் பண்ணிக்கிட்டா?" என்று கேட்டேன். ஓய்வு பெறும் நாளுக்குள் பதிவு செய்துவிட்டால் செல்லும் என்றாள் அவள். "அப்ப பதிவு பண்றேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீ வருஷக்கணக்காகப் பெண் பார்த்து, நான் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு குறை சொல்லித் தட்டிக்கழித்து, கடைசியில் நீ கைகழுவிவிட்ட காரியம் இது. இதை நானே எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரு தரகரிடம் போனேன். சின்ன அறை, சுவர் முழுக்கப் படங்கள், மேசைக்குப் பின்னால் தலைக்குச் சாயம் பூசிய தரகர். "பொண்ணு எப்படி சார் இருக்கணும்?" என்று கேட்டார். "ரொம்ப நாள் இருக்கணும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் பிறகு குறைந்தது இருபது இருபத்தைந்து வருஷமாவது அரசாங்கம் பாதியை அளந்துகொண்டே இருக்க வேண்டும், ஆகையால் ரத்த அழுத்தம் இல்லாத, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காத, குடும்பத்தில் எல்லாரும் தொண்ணூறு தாண்டிய பெண்ணாகப் பாருங்கள் என்று விளக்கினேன். அழகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்றார். அழகுக்கு ஓய்வூதியத்தில் தனிப்படி ஏதும் இல்லை என்றேன். நான் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வேவு பார்க்க வந்தவன் என்று அவர் நினைத்துக்கொண்டு, முன்பணத்தைக்கூட வாங்காமல் பேசினார்.

அவர் காட்டிய முதல் இடம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர். சந்திக்கப் போனேன். முன்னறையில் என்னை நிற்க வைத்தே கேள்விகளை ஆரம்பித்துவிட்டார். சர்க்கரை உண்டா, இல்லை. மூட்டுவலி உண்டா, இல்லை. அப்பா எத்தனை வயது வரை இருந்தார், எண்பத்தாறு. கேட்கக் கேட்க அந்த அம்மாளின் முகம் வாடிக்கொண்டே போனது. கடைசியில்தான் புரிந்தது, நான் போட்ட அதே கணக்கை அவரும் எதிர்ப்பக்கத்திலிருந்து போட்டுக்கொண்டிருந்தார் என்று. நான் சீக்கிரம் போய்ச் சேருகிற ஆளாகத் தெரியவில்லை என்பதால் தனக்குச் சரிப்பட்டு வராது என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். இப்படி ஒரு அநியாயம் உண்டா? ஒரு மனிதனை அவன் எப்போது சாவான் என்று பார்த்தா எடைபோடுவது? எனக்கு வந்த ஆத்திரத்தில் தரகரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் வருடாந்திரத் தராசுச் சோதனைக்காக ரயில்வே கேட்டுக்குப் பின்னால் இருக்கிற தெருவுக்குப் போக வேண்டி வந்தது. அங்கே ஓர் ஆணிக்கடை இருக்கிறது. ஆணி, திருகு, கீல், தாழ்ப்பாள் எல்லாம் கிடைக்கும். ஆணியை எடைக்குத்தான் விற்பார்கள். கடையை நடத்துகிற அம்மாளுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. கணவர் அரசாங்க வண்டி ஓட்டியவர், காலமாகிச் சில வருஷம் ஆகிறது. என் சோதனை எடைக்கற்களை வைத்து அவருடைய தராசை நிறுத்துப் பார்த்தேன். தப்பு. ஆனால் எந்தப் பக்கம் தப்பு என்று நினைக்கிறாய்? வாங்குகிறவருக்கு அதிகமாகப் போகிறது. என் வேலைக்காலத்தில் குறைவாகப் போடும் தராசுகளைத்தான் மூட்டை மூட்டையாகப் பறிமுதல் செய்திருக்கிறேன், அதிகமாகப் போடும் தராசைப் பார்த்ததில்லை. எடைக்கல் தட்டைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு வாஷர் ஒட்டிக்கொண்டிருந்தது. எப்போது போய் ஒட்டிக்கொண்டதோ, அந்த வாஷரின் கனத்துக்கு இவர் இத்தனை நாளாக ஆணியைக் கூடுதலாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"இதுவும் குத்தம்தான்மா" என்றேன்.

"யாராவது புகார் கொடுத்தாங்களா சார்?"

"கொடுக்கல."

"எப்படிக் கொடுப்பாங்க?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். "அப்ப இந்தத் தெருவுல இருக்கிற கதவு, ஜன்னல், கட்டில் எல்லாத்துலயும் என் ஆணி ரெண்டு ரெண்டு சும்மா நிக்குது. நிக்கட்டும், உறுதியா இருக்கும்."

தப்புக் கண்டுபிடித்தபோது சிரித்த வியாபாரியை நான் அதுவரை பார்த்ததில்லை. வாஷரை எடுத்துவிட்டு, மறுபடி நிறுத்து, முத்திரை குத்திக் கொடுத்தேன். தராசு திரும்பவும் சரியாக இருக்கிறதா என்று அடுத்த வாரமும் போய்ப் பார்த்தேன். அதற்கடுத்த வாரமும் பார்த்தேன். சட்டத்தில் அப்படி ஒரு பரிசோதனை இல்லை என்பது எனக்குத் தெரியும், ஆனால் கூடாது என்றும் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எங்கள் டிரைவர் மட்டும் வண்டியை நிறுத்தும்போதெல்லாம், "சார், இந்த ஊர்ல வேற தராசே இல்லையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மனைவி இருக்கிறார், பாதி பத்திரமாக இருக்கிறது, கிண்டல் பண்ணுவதற்கு என்ன கேடு?

நீ உடனே உன் இஷ்டத்துக்கு எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நான் அங்கே போனபோதெல்லாம் பேசியது ஓய்வூதியத்தைப் பற்றித்தான். அந்த அம்மாளுக்குக் கணவரின் ஓய்வூதியத்தில் பாதி மாதாமாதம் வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. கணவருடைய பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. எனக்குப் பின் என் பாதியும் போய்ச் சேர்ந்தால் இரண்டு பாதியாகிவிடும். ஒரே வீட்டுக்கு அரசாங்கம் இரண்டு தரம் அளந்து போட வேண்டும். என்னிடம் பாதியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்கள் ஒரு முழுசைக் கொடுத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்காருவதை நினைத்துப் பார்த்தேன். வகுப்பு முடிந்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கு வயிறு நிறையச் சாப்பிட முடிந்தது.

போன மாதம் ஒரு மாலை, கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். அவர் கீல்களை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்ட ஒரு அரசாங்க விஷயமா பேசணும்."

"மறுபடியும் தராசா?"

"இல்ல. ஓய்வூதியம்."

எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பு, பாதி, விதியில் இல்லாத நீ, ஓய்வு பெறும் நாளுக்குள் பதிவு, இரண்டு பாதி. ஒன்றையும் விடாமல் வரிசையாகத்தான் சொன்னேன். அவர் கையில் இருந்த கீலைக் கீழே வைத்தார்.

"அதாவது, நீங்க செத்ததுக்கு அப்புறம் எனக்குப் பாதி வரும்."

"ஆமா."

"அதுவரைக்கும்?"

அந்தப் பகுதியை நான் தயார் செய்துகொண்டு போகவில்லை. "அதுவரைக்கும் நான் இருப்பேன்" என்றேன்.

"அதை முதல்ல சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு யோசிக்க நாலு நாள் கேட்டார். அந்த நாலு நாளும் நான் எந்தக் கடையில் எந்தத் தராசை நிறுத்தேன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. ஒரு பழக்கடைக்காரருக்கு முத்திரையைத் தலைகீழாகக் குத்திக் கொடுத்துவிட்டேன், அதைத் திருத்த மறுபடி போக வேண்டியிருந்தது. ஐந்தாம் நாள் போனபோது, சரி என்றார். கடையை மூடமாட்டாராம். வீட்டுக்குள் எதையும் நான் நிறுத்துப் பார்க்கக் கூடாதாம், குறிப்பாகச் சமையல்கட்டில். இரண்டுக்கும் ஒப்புக்கொண்டேன்.

ஆகவே அக்கா, விஷயம் இதுதான். வரும் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பதிவாளர் அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட நீ வர வேண்டும். விதி உன்னைக் குடும்பம் இல்லை என்று சொல்லிவிட்டது, நான் சொல்லவில்லை. அத்தானும் வரலாம், ஆனால் அதிகாரியிடம் பேசக் கூடாது. நீ கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நிற்காதே, இது முழுக்க முழுக்கக் கணக்கு சம்பந்தப்பட்ட ஏற்பாடு. ‘இந்த வயசில் எதற்கு’ என்று யாராவது கேட்டால், என் உரிமையை நான் முழு எடையில் வாங்குகிறேன், அவ்வளவுதான் என்று சொல். என்னை ஏமாற்ற நினைத்தவர்களுக்கு நான் கொடுக்கிற பதில் இது. அன்பு, ஆசை, துணை என்றெல்லாம் நீ பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாய் என்று கேள்விப்பட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பின்னறையில் தையல் மெஷின் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் ஆசியை நேரில் வந்து கொடு. வருஷக்கணக்காக எனக்காக எடுத்து வைத்திருப்பாயே, அதைக் குறைக்காமல் கொடு.

இப்படிக்கு,
விட்டுக்கொடுக்காத உன் தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதில் கணக்கு சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். உறையை ஒட்டப் போன நேரத்தில் ஓய்வூதியப் பிரிவிலிருந்து அந்தப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். மனைவியாக வரப்போகிறவரின் விவரத்தை நான் முன்கூட்டியே கொடுத்து வைத்திருந்தேன், அதைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறாள். கணவரின் ஓய்வூதியத்தில் பாதி வாங்குகிறவர் மறுமணம் செய்துகொண்டால் அந்த மாதத்தோடு அது நின்றுவிடுமாம். என் பக்கத்து விதியை வரி வரியாகப் படித்த நான் எனக்கு மனைவியாக வரப்போகிறவளின் பக்கத்து விதியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் பாதி நான் செத்த பிறகு எப்போதோ வரும். அவளுடைய பாதி இந்த மாதமே போய்விடும். எப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் லாபம் அரசாங்கத்துக்குத்தான். நேராகக் கடைக்குப் போனேன். "எனக்குத் தெரியாமப் போச்சு. உங்களுக்கு வந்துட்டிருக்கிறது நின்னுடுமாம். வெள்ளிக்கிழமை வேண்டாம், விட்டுடலாம்" என்றேன்.

அவள் ஒரு பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "அது எனக்குத் தெரியும். யோசிக்கணும்னு நாலு நாள் கேட்டேனே, அப்பவே போய் விசாரிச்சேன். அதுக்கப்புறம்தான் சரின்னு சொன்னேன்."

அந்தப் பாதியை அரசாங்கமே வைத்துக்கொள்ளட்டும் அக்கா. வெள்ளிக்கிழமை, பதினொரு மணி. நீ யாரிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.